சாய்மானம் வைத்த வண்டி

லடாக் மலைமேல் இருக்கும் லே வரைக்கும் போவதற்காக வாங்கிய பைக் அது. கடைசியில் அது போனது தில்லிக்குள்ளேயே, நரேலாவிலிருந்து ஜங்புராவுக்கு. தினமும் போனது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சொந்த ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். லாரியில் கிளீனராக ஏறினேன். இறங்கிய ஊரிலெல்லாம் கொஞ்ச காலம் இருந்தேன். சூரத்தில் சாயப்பட்டறை, நாக்பூரில் பழமண்டி, போபாலில் ஒரு ஓட்டலில் மாவாட்டும் வேலை. ஓர் இடத்தில் சாப்பாடும் படுக்கையும் சரியாக அமைந்துவிட்டால் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தில்லிக்கு வந்ததற்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. அக்கா ஜங்புராவை ஒட்டிய தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பில் இருந்தாள். அத்தான் குப்பை அள்ளும் வேலையில் இருந்து, ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன்.

சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் மாளிகையில் டிரைவர் வேலை கிடைத்தது. ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்களைக் கொண்டுபோய் விடுவது. அக்கா தன் குடிசையில் இடம் இருக்கிறது என்றாள். ஆனாலும் நான் முனிர்காவில், பரீட்சைக்குப் படிக்கிற பையன்களோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டேன். வண்டி அங்கேதான் கிடைத்தது. எதிர் மாடியில் இருந்த ஆராய்ச்சி மாணவன் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போகிறவன், அதைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தான். சென்னையிலிருந்து சாக்கு சுற்றி ரயிலில் வந்த வண்டி. முன்பக்கம் பாதி வரைக்கும் மூடியிருக்கும். கைப்பிடி தாழ்வு. பின்சீட்டு தனியாகப் பிரிந்து வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நெடுந்தூரம் வேகமாகப் போகவென்றே செய்த சாதி. அந்த மாடலைச் செய்வதை கம்பெனி எப்போதோ நிறுத்தியிருந்தது.

நம்பர் பலகையில் டி.என். என்று இருந்ததைப் பார்த்ததும் நான் பாதி வாங்கிவிட்டேன்.

பதினைந்து வருடம் ஆன பெட்ரோல் வண்டி தில்லியில் ஓடக்கூடாது என்பது இங்கே பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும். இந்த வண்டிக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சம் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. கேட்டதற்கு அந்தப் பையன் சிரித்தான்.

"அண்ணா, அது டி.எல். வண்டிக்கு. இது நம்ம ஊர் வண்டி. நம்ம ஊர்ல எஃப்.சி. காட்டி மறுபடி ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். இவங்க சட்டம் நமக்கு எதுக்கு?"

முனிர்காவில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். தெருவில் நிற்கும் டி.என். வண்டி ஒவ்வொன்றும் ஏதோ தூதரகத்து வண்டி மாதிரி, இந்த ஊர்க் காற்றுக்கும் கோர்ட்டுக்கும் கட்டுப்படாதது மாதிரி. நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

கரோல்பாக்கில் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டும் சந்து ஒன்று உண்டு. அங்கே ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். எல்லோரும் உஸ்தாத் என்பார்கள், நானும் அப்படியே. அவர் என்னை 'அன்னா' என்பார். தெற்கிலிருந்து வந்தவன் யாராக இருந்தாலும் அவருக்கு அன்னாதான். வாய் ஓயாமல் இந்தியில் பேசுவார். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைத்தோம் என்று தேடுவார். வேலை சுமார். ஆனால் வெல்டிங் நன்றாக வரும்.

லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கேயே கிடந்தேன். கைப்பிடியை உயர்த்தினோம். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க உயரமான கண்ணாடி போட்டோம். மலை ஏறும்போது இழுக்க வேண்டும் என்று பின்சக்கரத்தில் பெரிய ஸ்பிராக்கெட் பல்சக்கரம். பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கு இரண்டு. இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இரும்புச் சட்டம். சட்டத்துக்கு இடம் வேண்டி, சேலை மாட்டாமல் இருக்க இடதுபக்கம் வைத்திருக்கும் கம்பிக் கூண்டை அறுத்து எறிந்தோம்.

"வீட்டுக்காரி கேக்கமாட்டாளா?" என்றார் உஸ்தாத்.

"வீடே இல்லை, உஸ்தாத்."

"அப்ப அறு" என்று அவரே அறுத்தார்.

அந்த வருடம் போகலாம் என்று இருந்தேன். மலைப்பாதை திறக்கட்டும் என்று காத்திருந்தேன். பாதை திறந்த சமயத்தில்தான் கேம்ப்பை இடித்தார்கள்.

அதைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. வரப்போகிறது என்று ரொம்ப நாளாகச் சொன்னார்கள், வந்தது. காலையில் மிஷின்கள் நின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சாலையோரத்தில் கட்டில் மேல் உட்கார்ந்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் பாத்திரங்கள், பக்கத்தில் அத்தானின் போட்டோ துணியில் சுற்றி. வெயில் தீயாக இருந்தது. மதியத்துக்குள் அவள் குடியிருந்த இடம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. பாராபுல்லா சாக்கடைக் கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டி, "அதோ, அந்த நீலப் பக்கெட்டு கெடக்குது பாரு, அதான் நம்ம அடுப்பங்கரை" என்றாள்.

பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அக்காவுக்கு நரேலாவில் ஒரு ஃபிளாட் கிடைத்தது. தில்லியின் வடக்கு ஓரம். அதைத் தாண்டினால் ஹரியானா. கட்டி ரொம்ப காலம் பூட்டிக் கிடந்த கட்டடங்கள். குழாய் இருந்தது, தண்ணீர் விடியலுக்கு முன் கீழே லாரியில் வரும்.

அக்காவின் பிழைப்பு முழுவதும் ஜங்புராவில். வேலைக்குப் போகும் பங்களாக்களைக் கேம்ப்பில் கோட்டி என்பார்கள். அவளுக்கு மூன்று கோட்டி, அடுத்தடுத்து. முதல் கோட்டியில் காலை ஏழு மணிக்கு டீ கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரரும் அம்மாவும் அதைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். கேம்ப்பிலிருந்து நடந்துபோனால் வியர்க்குமுன் கோட்டி வந்துவிடும். நரேலாவிலிருந்து பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். முதல் வாரத்திலேயே இரண்டு முறை தாமதம். அந்த அம்மா கெட்டவர் இல்லை. "ஏழு மணிக்கு வர முடிந்தால் வா, முடியாவிட்டால் சொல்லிவிடு, எதிர்வீட்டில் வேலை செய்கிற பெண் இந்த வேலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறார். முதல் கோட்டி போனால் மற்ற இரண்டுக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது கட்டாது. மூன்றும் போனால் நரேலாவில் வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? அங்கே இருக்கிறவர்கள் எல்லோருமே வேலைக்குப் போகிறவர்கள்.

"என் வண்டி இருக்குதே" என்றேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு நின்ற பின்சீட்டையும் இரும்புச் சட்டத்தையும் பார்த்தாள்.

"இதுமேல நா எங்கடா ஒக்காறது? ஆட்டுக்குட்டி ஏத்தற வண்டி மாதிரி கீது."

"ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காந்துக்கோக்கா. எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"பொடவையோடயா?"

"சல்வார் போட்டுக்க."

"இந்த வயசுல சல்வார் போட்டுக்கினு போய் நின்னா கோட்டிக்காரம்மா என்னியவே, அச்சா, யார் வேணும்னு கேப்பா. போடா."

ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். அதில் பேச்சுக்கே இடமில்லை.

நான் முனிர்கா அறையைக் காலி செய்துவிட்டு நரேலாவுக்குப் போனேன். அதற்கு முன் வண்டியை உஸ்தாத்திடம் கொண்டுபோனேன். லேவுக்காகப் போட்டதை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பெட்டிச் சட்டம் போனது. தூக்கியிருந்த பின்சீட்டை வெட்டி, நீளமாகத் தட்டையாக ஒரே சீட்டு தைக்கக் கொடுத்தோம். பெரிய ஸ்பிராக்கெட் சமதரையில் பெட்ரோலைக் குடித்தது, அதையும் மாற்றினோம். இடதுபக்கம் இரண்டு காலையும் சேர்த்து வைக்க ஒரு பலகை. முன்பு அறுத்து எறிந்த சேலைக் கூண்டுக்குப் பதில் உஸ்தாத் வேறொரு வண்டியிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து ஒட்டவைத்தார்.

"அன்னா, என்கிட்ட வர்றவன் எல்லாம் ஸ்கூட்டிய ரேஸ் வண்டியா ஆக்குன்னு வருவான். நீ ஒருத்தன்தான் ரேஸ் வண்டிய ரிக்‌ஷாவா ஆக்கச் சொல்ற."

"ரிக்‌ஷாவுக்கு இன்னும் ஒரு சக்கரம் வேணும், உஸ்தாத்."

"இரு, அதுக்கும் வருவ" என்றார். நம்பர் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "இதுக்கு வயசு எப்ப முடியுது?" என்று கேட்டார்.

"இது தமிழ்நாட்டு வண்டி."

"அதனால?"

"அங்க ஓட்டலாம்."

"நீ இங்கதான ஓட்டற? வெளியூர் வண்டியையும் புடிக்கறான் அன்னா. பேசாம வித்துடு. ஜெய்ப்பூர்ல ஒருத்தன் இருக்கான், எடுத்துப்பான்."

அவர் தரகு பார்க்கிறார் என்று நினைத்தேன். பார்த்தும் இருப்பார்.

விடியுமுன் தண்ணீர் லாரி வரும். அக்கா குடங்களோடு வரிசையில் நின்று பிடித்து, மேலே ஏற்றி, குளித்து, இருட்டு கலையுமுன் கீழே வருவாள். ஜி.டி. கர்னால் ரோடு, ஆசாத்பூர் மண்டி, ரிங் ரோடு, யமுனைக் கரை, சராய் காலே கான், ஜங்புரா. மண்டியைத் தாண்டும்வரை வெங்காய லாரிகளுக்கு நடுவில் போக வேண்டும். அவளை இறக்கிவிட்டு நான் சாணக்யபுரிக்கு வேலைக்குப் போவேன். அவளுக்கு மதியத்தோடு வேலை முடியும், பஸ்ஸில் திரும்பிவிடுவாள். திரும்ப எவ்வளவு நேரமானாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

கோட்டியில் ஏழு மணி டீ திரும்பவும் ஏழு மணிக்கே கிடைத்தது.

அக்கா தூங்க ஆரம்பித்ததுதான் அடுத்த சிக்கல். வண்டி ஓடினால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவேன். ஹெல்மெட்டுக்குள் அவளுக்குப் பாதிதான் கேட்கும். ஒருநாள் ஆசாத்பூர் மேம்பாலத்துக்கு முன்னால், பின்னால் ஒரு கனம் திடீரென்று குறைந்ததை உணர்ந்தேன். கையை வீசிப் பிடித்ததில் புடவை கொத்தாகக் கையில் வந்தது. இழுத்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் அடித்துவிட்டு என் தாய், பாட்டி எல்லோரையும் இழுத்துத் திட்டினான். ஓரம் கட்டினேன். அக்கா முழித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

"செருப்பு வுழுந்துச்சுடா ஒண்ணு."

"நீயே வுழுந்திருப்ப."

"அதான் வுழுலியே. போ, ஏழாயிடும்."

மீதி ஒரு செருப்பையும் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கோட்டிக்குப் போனாள்.

மறுநாளே சாய்மானம் வைத்தேன். ஒருபக்கமாக உட்காருகிறவள் முகம் இடதுபக்கம் இருக்கும், முதுகு வலதுபக்கம். எந்தக் கம்பெனியும் வண்டியின் வலதுபக்கத்தில் முதுகுக்குச் சாய்வு வைப்பதில்லை. உஸ்தாத் ஒரு பழைய ஆபீஸ் நாற்காலியின் முதுகை அறுத்து, குழாயில் வளைவு கொடுத்து, வெல்டு வைத்து, சீட்டின் வலது விளிம்பில் நிற்கும்படி நட்டு போட்டு முடுக்கினார். இரண்டு ஓரத்திலும் கை பிடிக்க வளைவு. மேலே பஞ்சு வைத்துத் தைத்தது. குறுக்கே போட ஒரு பெல்ட்டும். சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் உட்கார்ந்தபடியே போன் பேச ஆரம்பித்துவிட்டார்.

அக்காவுக்குப் பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நரேலாவைத் தாண்டுவதற்குள் தூங்கி, சராய் காலே கானில்தான் எழுந்திருப்பாள். கண்ணாடியில் ஹெல்மெட் ஒருபக்கம் சாய்ந்து ஆடுவது தெரியும். கோட்டி வாசலில் காவல்காரன், "ராணிஜியோட சிம்மாசனம் வந்துடுச்சு" என்பான். "நீ ஒக்காந்து தேய்க்கற ஸ்டூல விட இது ஒசத்திதான்டா பையா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போவாள்.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். குளிர் வந்தது, புகை வந்தது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு போனோம். எனக்கு முதுகு வலி தொடங்கியது. வண்டிக்கு வயது முடிந்தது. அன்றைக்கும் வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது. பழைய வண்டிகளைப் பிடிக்கிறார்கள் என்பார்கள், நிறுத்திவிட்டார்கள் என்பார்கள், மறுபடி பிடிக்கிறார்கள் என்பார்கள். நான் டி.என். பலகையைப் பார்த்துக்கொள்வேன்.

காற்று மிக மோசமாக இருந்த ஒரு காலையில், ரிங் ரோட்டில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். வண்டியின் வயதுக்காக நிறுத்தவில்லை. சாய்மானத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார். அக்கா அதில் தூங்கிக்கொண்டு வந்தது அவருக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது.

"இது என்ன, நாற்காலியா?" என்று இந்தியில் கேட்டுவிட்டு இன்னொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டாவது ஆள் சிரித்துக்கொண்டே நம்பரைப் போனில் அடித்தார். அவர் சிரிப்பு நின்றது.

"வண்டிக்கு வயசாயிடுச்சே."

"சார், இது தமிழ்நாட்டு வண்டி. அங்க செல்லும்."

"தமிழ்நாட்டுக் காத்தா இது?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உன் வண்டி எந்தக் காத்துல ஓடுது, சொல்லு."

அக்கா பெல்ட்டைக் கழற்றி இறங்கி நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "என்னாவாம்? ஜல்தி முடிக்கச் சொல்லுடா, ஏழாவுது" என்றாள். பிறகு அவரிடமே போய், "பையா, கோட்டி ஜானா ஹை, பையா" என்று, கோட்டிக்குப் போகணும் என்பதைத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக் கையெடுத்தாள். வயதான பெண் கையெடுத்தது அவருக்குச் சங்கடமாகிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கும் வண்டியை வரச் சொன்னார். வேறு ஒருவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். சாய்மானம் இல்லாமல் போயிருந்தால் கவனித்தே இருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். சாய்மானம் இல்லாமல் அவள் அதற்கு முன்பே லாரியின் கீழே போயிருப்பாள் என்றும் நினைக்கிறேன்.

அவளை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஹெல்மெட்டோடு போனாள்.

அன்று மாலை நான் நரேலா போனபோது அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"என்னா ஆவும்? கதவத் தொறந்ததே அவதான், எதிர்வூட்டுப் பொண்ணு. வாங்கக்கான்னு சொன்னா. டீ குடிக்கறீங்களான்னு என்னியே கேட்டா."

"குடிச்சியா?"

"குடிச்சன். ஏலக்கா போட்டு, நா போடற மாரியேதான் போட்டிருந்தா. நல்ல பொண்ணுதான்."

அதன் பிறகு கொஞ்ச நாள் மற்ற இரண்டு கோட்டிக்கும் பஸ்ஸில் போய் வந்தாள். அவை ஒவ்வொன்றாக நின்றுபோயின. யாரும் சண்டை போடவில்லை.

வண்டியைப் பிடித்து வைத்திருந்த இடத்தில் விசாரித்தேன். திரும்ப எடுக்கலாம் என்றார்கள். அபராதம் கட்டி, இனி தில்லியிலும் பக்கத்து மாவட்டங்களிலும் ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, வேறு மாநிலத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட வேண்டும். தமிழ்நாட்டு வண்டியாக இருப்பதால் சுலபம் என்றும் சொன்னார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் உடைக்கப் போய்விடும்.

அக்காவிடம் சொன்னேன்.

"எடுத்துக்கினு போயேன்டா. இங்க என்னா கீது? நீ போறதுக்குத்தான வாங்கன. எங்கியோ மலைக்குப் போவணும்னு சொல்லிக்கினு இருந்தியே."

"நீ?"

"நா எங்க போவேன்? எனக்குன்னு ஊடு குடுத்துருக்கானுங்க இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

உண்மையில் என்னைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஏழு மணிக்கு யாரையும் எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை. உஸ்தாத்திடம் கடன் சொல்லி வண்டியை ஓடவைக்கலாம். லாரி நண்பர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள். இதைவிட மோசமான நிலையில் இதைவிடக் குறைந்த யோசனையோடு பல ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன்.

ஸ்பேனர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். திறந்த வெளியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எல்லாவற்றின் மீதும் ஒரே நிறத்தில் புழுதி. சாய்மானம் மற்ற வண்டிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டு இருந்ததால் தூரத்திலிருந்தே என் வண்டி தெரிந்தது. பேட்டரி இல்லை. உயரமான கண்ணாடி உடைந்திருந்தது. மற்றதெல்லாம் சரிதான், ஓட்டலாம். ஓட்டினால் எங்கே போவது என்று நின்று யோசித்தேன். லேவை நினைத்துப் பார்த்தேன். ஊரை நினைத்துப் பார்த்தேன். சூரத், நாக்பூர். ஓர் ஊரின் பெயரும் என்னை இழுக்கவில்லை. அப்படி எனக்கு முன்பு நடந்ததே கிடையாது. கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தேன்.

பிறகு சாய்மானத்தின் நட்டுகளைக் கழற்றினேன். காவலுக்கு இருந்தவர் வந்து, "வண்டிய எடுக்கலையா?" என்றார். "இல்ல, இது மட்டும்." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொண்டு போ" என்றார். மெட்ரோவில் உள்ளே விட மாட்டார்கள் என்று பஸ்ஸில் கொண்டுவந்தேன். மடியில் வைத்துக்கொண்டால் முன்சீட்டுக்காரர் முதுகில் இடித்தது.

"இத எதுக்குடா எடுத்தாந்த?" என்றாள் அக்கா.

"தெரில."

பால்கனியில் சாத்தி வைத்தாள். இப்போது அதன் மேல் பாத்திரம் துடைக்கும் துணி காய்கிறது.

தண்ணீர் லாரி இன்னும் விடியுமுன்தான் வருகிறது. நானும் போய்க் குடம் தூக்குகிறேன். அக்கா குளித்துவிட்டு, பழக்கத்தில் புடவையைச் சுற்றிச் செருகிக்கொண்டு, பையை எடுக்கப் போய், நின்றுவிடுகிறாள். பிறகு டீ போடுகிறாள், ஏலக்காய் இல்லாமல். குடித்துவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பும்வரை இருவரும் உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரத்தில் ஏழு மணி ஆகும்.